கிணற்று நீரும் பசளையும்: பல்கலைக்கழக ஆய்வு சொல்வது என்ன?

பல ஆண்டுகளின் பின் சொந்தக் காணிக்குத் திரும்புவோர் முதலில் எட்டிப் பார்ப்பது கிணற்றைத்தான். இறைத்துத் துப்புரவாக்கினால் தண்ணீர் தெளிந்துவிடும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்று அதில் கலந்திருக்கக்கூடும். அதை எமக்குக் காட்டித் தந்தவை ஆய்வுகளே.

கண்டறியப்பட்டது

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறுகள் இல்லை. மழைநீர் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளூடாக இறங்கி நிலத்தடியில் தங்குகிறது. தோட்டத்துக்கு இடும் யூரியாவும் எருவும், மலசலகூடக் குழியின் கழிவும் அதே வழியால் இறங்குகின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பிறரும் வலிகாமக் கிணறுகளைப் பரிசோதித்தபோது, வெங்காயம் போன்ற பயிர்கள் ஓயாமல் செய்யப்படும் இடங்களிலுள்ள பல கிணறுகளில் நைத்திரேற்று அளவு மிஞ்சியிருந்தது. குடிநீரில் இது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

குழந்தைகளுக்கு ஆபத்து

இத்தகைய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். குளோரின் இடுவதும் இதை நீக்காது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுப்பதே பாதுகாப்பு.

நீங்கள் செய்யக்கூடியவை

• குடிக்கத் தொடங்குமுன் கிணற்று நீரைப் பரிசோதிப்பிக்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். மலசலகூடக் குழிக்கான இடத்தையும் அவரிடம் கேட்டே தீர்மானியுங்கள்.

• மண்ணைப் பரிசோதித்து, விவசாயப் போதனாசிரியர் சொல்லும் அளவுக்கே பசளை இடுங்கள். ஒரேயடியாக இடாமல் பிரித்து இடுங்கள். பயிர் எடுக்காத பசளை கிணற்றுக்கே போகிறது; அதற்குக் கொடுத்த காசும் வீண்.

• பெருமழைக்கு முன் யூரியா இடவேண்டாம்.

• கண்ணிவெடி அகற்றப்பட்டது உறுதிசெய்யப்படாத காணியில் கிணறு துப்புரவாக்கவோ மண் எடுக்கவோ வேண்டாம்.

1990இல் கிளிநொச்சியில் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடமும் போரினால் இடம்பெயர்ந்து, பின்னர் அறிவியல்நகருக்குத் திரும்பியது. ஆய்வாளர்கள் உங்கள் கிணற்றடிக்கு வந்து மாதிரி நீர் கேட்டால் மறுக்காதீர்கள். முடிவையும் தவறாமல் கேட்டறியுங்கள். அது உங்கள் பிள்ளை குடிக்கும் தண்ணீரைப் பற்றியது.