வீட்டுக் கணினி - 9: ஆளுக்கொரு கணக்கு

பேக்கப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம், பல வீடுகளில் யாருமே எட்டிப் பார்க்காத இடம்: யூசர் அக்கவுன்ட்.

வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். அப்பா பேங்க் வேலை பார்ப்பதும் பையன் கேம் டவுன்லோடு செய்வதும் அதில்தான். வாங்கிய அன்று உருவாக்கிய ஒரே கணக்கில்தான் எல்லோரும் நுழைகிறார்கள். விண்டோஸில் அப்படி முதலில் உருவாகும் கணக்கு, அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு. புது சாஃப்ட்வேர் ஏற்றலாம், ஆன்டிவைரஸை நிறுத்தலாம், அடுத்தவர் பாஸ்வேர்டையே மாற்றலாம். இவ்வளவு அதிகாரம் உள்ள கணக்கில் உட்கார்ந்து தினமும் மெயில் பார்ப்பது தேவையே இல்லாத ஆபத்து. பாஸ்வேர்டு எவ்வளவு கடினமானது என்பதைவிட எனக்கு இதுதான் பெரிய கவலை.

ஏதாவது இன்ஸ்டால் செய்யப்போனால் திரை மங்கி, நடுவில் அனுமதி கேட்டு ஒரு பெட்டி வரும். 2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்த ஏற்பாடு இது. திரை மங்குவது அழகுக்காக அல்ல. மற்ற புரோகிராம்கள் தொட முடியாத தனித் திரைக்கு விண்டோஸ் அந்தப் பெட்டியைக் கொண்டுபோய்விடுகிறது. நமக்குப் பதிலாக வேறொரு புரோகிராம் 'யெஸ்' அழுத்திவிடக் கூடாது அல்லவா? ஆனால், அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் இருப்பவருக்கு அங்கே ஒரு கிளிக் போதும். கை பழக்கத்தில் அழுத்திவிடும். அதிகாரம் குறைந்த ஸ்டாண்டர்ட் கணக்கில் இருப்பவரிடம் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு கேட்கும். பையன் "அம்மா, இது என்னமோ கேக்குது" என்று கூப்பிட்டே ஆக வேண்டும். அம்மா வந்து என்ன ஏது என்று பார்க்கும் அந்த அரை நிமிடம் பல வில்லங்கங்களைத் தடுக்கும்.

மாற்றுவது எளிது, வரிசைதான் முக்கியம். செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குப் போய் முதலில் புதிதாக ஒரு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கை உருவாக்குங்கள். பாஸ்வேர்டு வைத்து, ஒருமுறை அதில் நுழைந்து பாருங்கள். அதன் பிறகே உங்கள் பழைய கணக்கை ஸ்டாண்டர்டாக மாற்ற வேண்டும். உங்கள் படங்களும் ஃபைல்களும் இருந்த இடத்திலேயே இருக்கும். பிறகு வீட்டில் ஆளுக்கொரு ஸ்டாண்டர்ட் கணக்கு. பையன் கணக்கில் ஏதாவது விஷமம் புகுந்தாலும், அப்பாவின் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரைத் திறக்க அதற்கு அனுமதி இருக்காது. பையனின் சொந்த ஃபைல்களை மட்டும் இந்த ஏற்பாடு காப்பாற்றாது. அதற்குத்தான் பேக்கப்.

பாஸ்வேர்டை மாதாமாதம் மாற்றச் சொல்லும் பழைய அறிவுரையை விட்டுவிடலாம். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017லேயே அதைக் கைவிட்டது. அடிக்கடி மாற்றச் சொன்னால் கடைசியில் ஒரு எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே போவோம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடியுங்கள். நீளம்தான் பலம்.

இன்னொன்று. லேப்டாப் திருடுபோனால், ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டுபவரை இந்த பாஸ்வேர்டு தடுக்காது. டிஸ்க்கையே பூட்டும் என்கிரிப்ஷன் வேண்டும். புதிய விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்கள் பலவற்றில் அது தானாகவே இயங்கியிருக்கும். அதற்கான 48 இலக்க ரெகவரி கீயை இன்றே தேடி எடுத்து, தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வையுங்கள். டிஸ்க் பூட்டிக்கொண்ட நாளில் அந்த எண் இல்லையென்றால், சர்வீஸ் கடைக்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது.

(தொடரும்)