கல்லீரல் கட்டியைச் சுடும் ஊசி

நம் வயிற்றின் வலது பக்கம் கல்லீரல் இருக்கிறது. அது விலா எலும்புகளுக்கு அடியில் மறைந்திருக்கிறது. சாப்பாடு செரிக்கப் பித்தநீரைத் தருகிறது. இரத்தத்தில் சேரும் நஞ்சை முறிக்கிறது.

சிலருக்கு இந்தக் கல்லீரலில் புற்றுநோய்க் கட்டி வருகிறது. கட்டி சிறியதாக இருக்கும்போது பெரும்பாலும் வலி இருக்காது. அதனால் பலருக்குத் தெரிவதில்லை. வலி வந்து, உடம்பு மெலிந்த பிறகுதான் டாக்டரிடம் போகிறார்கள். அப்போது கட்டி பெரிதாகியிருக்கும்.

வயிற்றைத் திறந்து கட்டியை வெட்டி எடுப்பது ஒரு வழி. ஆனால் கல்லீரல் ஏற்கெனவே கெட்டுப்போனவர்களின் உடம்பு அதைத் தாங்காது. அவர்களுக்காக இன்னொரு வழி 1990-களில் பரவியது. அதுதான் கட்டியைச் சூட்டால் அழிக்கும் சிகிச்சை.

இது எப்படி நடக்கிறது?

நோயாளிக்கு மயக்க மருந்து கொடுக்கிறார்கள். டாக்டர் ஸ்கேன் திரையைப் பார்க்கிறார். கட்டி இருக்கும் இடம் அதில் தெரிகிறது. நீளமான மெல்லிய ஊசியைத் தோல் வழியாகச் செலுத்துகிறார். ஊசி போகும் வழியும் திரையில் தெரிகிறது. நுனி கட்டிக்குள் சேர்ந்ததும் கருவியை இயக்குகிறார். நுனியைச் சுற்றிச் சூடு பரவுகிறது.

சூடு 60 டிகிரி செல்சியசைத் தாண்டினால் கட்டி வெந்துவிடும். வெந்த முட்டை மறுபடி பச்சை முட்டை ஆகுமா? ஆகாது. அதுபோல வெந்த கட்டிக்கும் மறுபடி உயிர் வராது. அதை வெளியே எடுக்க வேண்டாம். உள்ளேயே தழும்பாகச் சுருங்கிவிடும்.

எல்லாக் கட்டிக்கும் இது பயன்படுமா? பயன்படாது. 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்ல பலன் கிடைக்கும். அது ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு. கட்டி பெரிதானால் ஓரத்தில் மிச்சம் நின்றுவிடலாம். சிகிச்சைக்குப் பிறகும் வேறு இடத்தில் கட்டி வரலாம். ஆகவே டாக்டர் சொல்லும் நாளில் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்? பி வகை, சி வகை மஞ்சள் காமாலைக் கிருமி உடம்பில் தங்கியவர்கள். நெடுநாள் குடித்துக் கல்லீரல் சுருங்கியவர்கள். இவர்கள் டாக்டரைக் கேட்டு, 6 மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுப்பது நல்லது.

பி வகைக் கிருமியைத் தடுக்க ஊசி இருக்கிறது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அரசு மருத்துவமனையில் இது இலவசம்.

வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கட்டி நெல்லிக்காயாக இருக்கும்போதே கண்டுபிடித்தால், ஒரு ஊசியே அதை அழித்துவிடலாம்.