‘சர்க்கரை தீரும்’ என்று எழுதித் தருவாரா?

பிரான்சில் காட்டுக் காளான் பறித்து வருகிறவர்கள், அது தின்னத் தகுந்ததா என்று மருந்துக்கடைக்குக் கொண்டுபோய்க் காட்டிக் கேட்பார்கள். காளானை இனம் காண்பது அங்கே மருந்தாளுநர் படிப்பிலேயே உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன நம் புதுச்சேரியில் கதை தலைகீழ். மருந்துக்கடையையும் டாக்டரையும் தாண்டி, தெரிந்தவர் கையோடு காளான் கேப்சூல் டப்பா வீட்டுக்கே வந்துவிடுகிறது. “சுகர், பிரஷர், கேன்சர் எல்லாத்துக்கும் கேக்கும்க்கா. இங்கிலீஷ் மாத்திரையை மட்டும் நிறுத்திடுங்க.”

லிங்சி, ரெய்ஷி என்று விற்கப்படுவது கானோடெர்மா காளான். சீன மருத்துவத்தில் நெடுங்காலமாகப் புழங்குவது. காளானில் மருந்துச் சரக்கே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. வேறொரு காளானிலிருந்து பிரித்தெடுத்த பிஎஸ்கே என்ற பொருளை ஜப்பான் 1970களில் புற்றுநோய்க்கு அனுமதித்தது. ஆனால் அது பெரும்பாலும் பயன்பட்டது கீமோதெரபிக்குத் துணையாகத்தான். அதற்குப் பதிலாக அல்ல. கானோடெர்மா சர்க்கரை நோயாளிகளுக்கு உதவுமா என்று 2015ல் காக்ரேன் அமைப்பு, நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. சிகிச்சையாகத் தரும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றே முடித்தது.

ஆபத்து இரண்டு வழியில் வரும். வழக்கமான மாத்திரையை நிறுத்தினால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சத்தமில்லாமல் ஏறும். நிறுத்தாமல் சேர்த்துச் சாப்பிட்டாலோ, வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோடு ரத்தக்கசிவைக் கூட்டலாம். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளோடு சேர்ந்து சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் அளவுக்கு மீறி இறக்கிவிடலாம். கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம்தான். பிரெஞ்சு ஆட்சி இங்கே முடிந்த அதே 1954ல் இந்தியா இயற்றிய மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம், சர்க்கரை, புற்றுநோய் உள்ளிட்ட பல நோய்களைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யத் தடை விதிக்கிறது. வாயால் அறிவிப்பதும் அதன்படி விளம்பரமே. உணவுத் துணைப்பொருளாக விற்கும் டப்பாவில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும், ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வாசகமும் இருக்க வேண்டும். 2021ன் நேரடி விற்பனை விதிகளின்படி, அடையாள அட்டை இல்லாமல், முன்கூட்டிக் கேட்காமல் விற்பனையாளர் வீட்டுக்கு வரக் கூடாது. ஆள் சேர்த்தால் பணம் என்ற பிரமிடு திட்டத்துக்கும் தடை.

ஏமாந்துவிட்டால் பில், டப்பா, வாட்ஸ்அப் செய்தி மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பொய் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் வரை அபராதம் போடலாம். உடம்புக்கு ஏதாவது செய்தால் உடனே டாக்டரைப் பாருங்கள். 1800-180-3024ல் பக்கவிளைவைத் தெரிவியுங்கள். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலும் இதற்கான கண்காணிப்பு மையம் உண்டு.

காளான் ஆசை இருந்தால் மார்க்கெட்டில் சிப்பிக் காளான் வாங்கி வறுத்துச் சாப்பிடலாம். டப்பாவோடு வருகிறவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “சர்க்கரை தீரும்னு சொன்னீங்களே, அதை இந்த பில்லுலயே எழுதிக் கையெழுத்துப் போடுங்களேன்.”