கையசைவில் ஓடும் கடிகாரம்

கைக்கடிகாரம் ஓடுவதற்கு ஆற்றல் வேண்டும். அவ்வாற்றலைச் சில கடிகாரங்கள் மின்கலத்திலிருந்து பெறுகின்றன. சில, நாள்தோறும் சாவி கொடுப்பதால் பெறுகின்றன. இவ்விரண்டும் இன்றி, அணிந்திருப்பவரின் கையசைவையே ஆற்றலாகச் சேமித்து ஓடுபவையும் உண்டு. அவற்றைத் தானியங்கிக் கைக்கடிகாரங்கள் என்பர். கடைகளில் 'ஆட்டோமேட்டிக்' என்னும் பெயரே வழங்குகிறது.

தோற்றமும் வளர்ச்சியும்

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஐரோப்பியக் கைவினைஞர்கள் சட்டைப்பைக் கடிகாரத்தில் இம்முறையைக் கையாண்டனர். எனினும், பைக்குள் அசையாது கிடக்கும் கடிகாரத்திற்குப் போதிய ஆற்றல் கிட்டவில்லை. முதல் உலகப்போருக்குப் பின் கடிகாரம் மணிக்கட்டிற்கு இடம்பெயர்ந்தது. பழைய கருத்து புத்துயிர் பெற்றது.

இங்கிலாந்தைச் சேர்ந்த கடிகாரப் பழுதுநீக்குநர் ஜான் ஹார்வுட், சாவி கொடுக்கும் திருகின் துளை வழியே தூசியும் ஈரமும் உட்புகுந்து கருவியைக் கெடுப்பதைக் கண்டார். அத்திருகே தேவைப்படாத கடிகாரத்தை உருவாக்கி, 1924இல் சுவிட்சர்லாந்தில் காப்புரிமை பெற்றார். அதிலிருந்த எடைத்தகடு முழுவட்டமாகச் சுழலாமல், இருபுறமும் மோதித் திரும்பியது. 1931இல் ரோலக்ஸ் நிறுவனம் முழுவட்டமாகச் சுழலும் தகட்டை அறிமுகப்படுத்தியது. இன்றைய தானியங்கிகள் பெரும்பாலும் இவ்வமைப்பையே பின்பற்றுகின்றன.

இயங்கும் முறை

கடிகாரத்தின் பின்புறம் அரைவட்ட வடிவிலான எடைத்தகடு உள்ளது. கை அசையும்போது அது சுழன்று, பற்சக்கரங்களின் வழியே சுருள்வில்லை முறுக்குகிறது. முறுக்கு முழுமையடைந்ததும் வில்லின் வெளிமுனை தன் உறையின் சுவரில் வழுக்கிச் செல்வதால், மிகை முறுக்கால் வில் அறுவதில்லை. சுருள்வில் மெல்லத் தளரும்போது வெளிப்படும் ஆற்றலைச் சமநிலைச் சக்கரம் ஒழுங்குபடுத்துகிறது. பல கடிகாரங்களில் இச்சக்கரம் மணிக்கு 28,800 முறை, அதாவது நொடிக்கு 8 முறை, இங்குமங்கும் அசைகிறது. ஆதலால் நொடிமுள் வழுக்கிச் செல்வதுபோல் தோன்றும்.

துல்லியமும் ஈர்ப்பும்

1969இல் ஜப்பானின் செய்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய குவார்ட்ஸ் கடிகாரங்களின் படிகம் பொதுவாக நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரம் ஒரு மாதத்தில் காட்டும் பிழையைத் தானியங்கி ஓரிரு நாளிலேயே காட்டிவிடக்கூடும். துல்லியத்தில் தோற்ற பின்னும் அது மறையவில்லை. அதன் இயக்கத்தைக் கண்ணால் கண்டு புரிந்துகொள்ள முடியும். தேய்ந்த உறுப்பை மாற்றித் தலைமுறை கடந்தும் பயன்படுத்த முடியும். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையுடன் 1961இல் பெங்களூருவில் கடிகாரத் தொழிற்சாலை தொடங்கிய எச்.எம்.டி., சாவி கொடுக்கும் வகைகளோடு தானியங்கிகளையும் செய்தது. அவற்றுள் பழையன பல இன்றும் ஓடுகின்றன.

அன்றாடப் பயன்பாடு

முழுதும் முறுக்கேறிய தானியங்கி, கழற்றி வைத்தபின் ஏறத்தாழ 40 மணிநேரம் ஓடும். நின்றுவிட்டால், திருகு உள்ள வகைகளில் பலவற்றிற்குக் கையாலும் முறுக்கேற்றலாம். நாள்காட்டி உள்ளவற்றில், நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் தேதியை விரைந்து மாற்றுதல் கூடாது. தேதிச் சக்கரம் அப்போது இணைந்திருப்பதால் பற்கள் ஒடியலாம். ஒலிபெருக்கி போன்ற காந்தமுள்ள பொருள்களுக்கு அருகில் வைத்தலும் தகாது. காந்தம் ஏறினால் மெல்லிய மயிர்வில்லின் சுற்றுகள் ஒட்டிக்கொண்டு கடிகாரம் விரைந்தோடும்.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உறுப்புகளைப் பிரித்துத் தூய்மை செய்து எண்ணெயிட வேண்டும். அதற்குப் பொருட்செலவும் தேர்ந்த கையும் தேவை. உறுப்புகளைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் இருக்கும் ஊரில்தான் இக்கடிகாரம் நீண்டநாள் வாழும். அத்தொழில் நலிந்தால், பழுதில்லா உறுப்புகள் பல இருந்தும் கடிகாரம் பேழைக்குள் உறங்க நேரும். ஆகவே ஒரு கருவியின் நீடித்த வாழ்வு, அதனைப் படைத்தவரின் திறனோடு, பழுதுநீக்குவோரின் திறனையும் சார்ந்ததாகும்.