மடங்கும் புரொப்பல்லர்: காசு கொடுக்குமுன் வள்ளக்காரர் கேட்க வேண்டியவை

வள்ளியூரிலிருந்து ராதாபுரம் வழியாகக் கடற்கரைக்குப் போகிறவர்களுக்குக் காற்றாலைகள் புதிதல்ல. ஆனி, ஆடியில் கச்சான் வீசும்போது நிற்காமல் சுற்றுகின்றன. அந்தக் காற்றிலிருந்து மின்சாரம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறோம். அதே காற்றை நம்பிப் பாய் விரித்து ஓடிய உவரி, கூத்தங்குழி, இடிந்தகரைக் கடலில் இன்று மண்ணெண்ணெயும் டீசலும் எரிகின்றன.

எரிபொருள் விலை ஏறும்போதெல்லாம் பாயைப் பற்றிய பேச்சு திரும்ப வருகிறது. எஞ்சினும் இருக்கட்டும், பாயும் இருக்கட்டும், காற்று தோதாக அடிக்கும் நேரத்தில் எஞ்சினை நிறுத்திவிடலாம் என்பது கணக்கு. கணக்கு இடிக்கும் இடம் படகின் அடியில் இருக்கிறது. எஞ்சின் நின்றாலும் புரொப்பல்லர் தண்ணீருக்குள்தான் கிடக்கிறது. அசையாமல் நிற்கும் மூன்று இறக்கைப் புரொப்பல்லர் பாயில் ஓடும் படகைப் பின்னால் பிடித்து இழுக்கும். உல்லாசப் பாய்மரப் படகுகளில் இந்த இழுவை அரை நாட் முதல் ஒரு நாட் வரை வேகத்தைத் தின்றுவிடுகிறது. ஐந்து நாட்டில் ஓடும் படகுக்கு ஒரு நாட் என்பது ஐந்தில் ஒரு பங்கு.

இதற்கு மருந்தாக வெளிநாடுகளில் வந்ததுதான் மடங்கும் புரொப்பல்லர். தண்டின் நுனியில் ஒரு குடம். அதில் இரண்டு அல்லது மூன்று இறக்கைகள் கீல் போட்டுப் பொருத்தப்பட்டிருக்கும். எஞ்சின் சுற்றினால் சுழற்சி விசையில் இறக்கைகள் வெளியே வீசப்பட்டு விரியும். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாயில் ஓடினால், எதிரே வரும் தண்ணீர் அவற்றைப் பின்னுக்குத் தள்ளி, கை கூப்பியது போல மூடிவிடும். ஓர் இறக்கை திறந்து இன்னொன்று மூடிக் கிடக்காமல் இருக்க, அடிப்பகுதியில் பற்சக்கரப் பற்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கும். இதற்கு ஒரு சகோதர வகையும் உண்டு. அதில் இறக்கை மடங்காது. தன் அச்சில் திரும்பி, நீரோட்டத்துக்கு விளிம்பைக் காட்டி நிற்கும். கடும் காற்றில் புதிய காற்றாலைகள் இறக்கையைத் திருப்பி நிறுத்துவதும் இதே வித்தைதான்.

பாயும் எஞ்சினும் ஒரே கலத்தில் சேர்ந்த நாளிலிருந்தே இந்தத் தலைவலி இருக்கிறது. 1860-இல் இங்கிலாந்து மிதக்கவிட்ட இரும்புப் போர்க்கப்பலான வாரியரில், பாயில் ஓடும்போது புரொப்பல்லரையே தண்ணீருக்கு மேலே தூக்கிவிடுவார்கள். கயிற்றை இழுக்க அறுநூறு பேர் வரை வேண்டியிருந்தது.

தூக்குவது என்ற அந்த யோசனைதான் நம் கரைக்குப் பொருந்துகிறது. திருநெல்வேலி மாவட்டத்துக்கு இருப்பது ஐம்பது கிலோமீட்டருக்கும் குறைவான கடற்கரை. பெரும்பாலும் திறந்த மணல். அலையைத் தாண்டித்தான் இறங்க வேண்டும், அலையோடு வந்துதான் ஏற வேண்டும். தண்டும் புரொப்பல்லரும் அடியில் நிரந்தரமாக நீட்டிக்கொண்டிருந்தால் மணலில் குத்தி வளையும். இதற்கு விடை தேடியவர்கள் இருந்தார்கள். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979 முதல் சென்னையை மையமாகக் கொண்டு கரையேறும் படகுகளைச் சோதித்தது. நார்வேக்காரரான கப்பல் வடிவமைப்பாளர் ஓய்விந்த் குல்பிரான்ட்சன் அதில் முக்கியமானவர். டீசல் எஞ்சின், தண்டு, புரொப்பல்லர் மூன்றையும் ஒரே தொகுதியாக்கி, கரை நெருங்கியதும் சாய்த்துப் படகின் அடிக்குழிக்குள் தூக்கிக்கொள்ளும் அமைப்பை அந்தத் திட்டம் உருவாக்கியது. 'பாப் டிரைவ்' என்று பெயர். அதே காலத்தில் பக்கத்துக் குமரி மாவட்டத்து முட்டத்தில், பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜில்லே கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தோடு சேர்ந்து பிளைவுட் வள்ளங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். பிறகு வந்த அவுட்போர்டு மோட்டாரும் நீண்ட தண்டு எஞ்சினும் ஒரே கைத்தூக்கில் வேலையை முடித்துவிட்டன.

ஆகவே என் தீர்ப்பு இது. உங்கள் வள்ளத்தில் அவுட்போர்டு மோட்டார் இருந்தால் மடங்கும் புரொப்பல்லர் தேவையே இல்லை. பாய் விரித்ததும் மோட்டாரைச் சாய்த்துத் தூக்குங்கள், இழுவை போய்விடும். நீண்ட தண்டு எஞ்சினுக்கும் அப்படியே. அடியில் நிலையாகப் பொருத்திய தண்டோடு, துறைமுகத்திலோ நங்கூரத்திலோ கிடக்கும் தூத்துக்குடி வகை உள்பொருத்து எஞ்சின் வள்ளம் வைத்திருப்பவர், உண்மையிலேயே பாயில் மணிக்கணக்கில் ஓடுபவர் என்றால் மட்டும் இதைப் பற்றி யோசிக்கலாம். அவருக்கு இன்னொரு லாபமும் உண்டு: எஞ்சினை நிறுத்தி வலையோடு மிதக்கும்போது, மூடிய இறக்கையில் வலையும் கயிறும் அவ்வளவு எளிதில் சிக்காது. பாய் என்பது அவசரத்துக்கு மடித்து வைத்த துணிதான் என்றால், சாதாரண புரொப்பல்லரைப் போலப் பல மடங்கு விலையுள்ள சாமானில் பணத்தை முடக்க வேண்டாம். வழக்கமான வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே அதைவிட அதிகம் மிச்சமாகும். வேகம் ஏற ஏற எரிபொருள் அதைவிடப் பல மடங்கு ஏறும் என்பது எல்லாப் படகுக்கும் பொது.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் ஆபத்துகளைத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் ஆபத்து பின்னோக்கிச் செலுத்தும்போது. முன்னே ஓடும்போது தள்ளுவிசையே இறக்கையை விரித்துப் பிடிக்கும். ரிவர்ஸ் போட்டால் அதே விசை இறக்கையை மூடப் பார்க்கும். சுழற்சி மட்டும்தான் அதைத் திறந்து வைக்கிறது. அதனால் பின்னிழுப்பு பலவீனமாக இருக்கும், ஒரு கணம் தாமதமாகவும் வரும். தூண்டில் வளைவுக் கல்லுக்கு முன்னால், முதுகில் அலை தள்ளும்போது, அந்த ஒரு கணம் படகை உடைக்கப் போதும்.

இரண்டாவது, கொட்டலசு. நம் வெதுவெதுப்பான கடலில் நங்கூரத்தில் சும்மா கிடக்கும் படகின் அடியில் அது எவ்வளவு வேகமாக ஒட்டும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பற்சக்கரப் பல்லுக்கு இடையில் ஒரு கொட்டலசு உட்கார்ந்தாலே இறக்கைகள் முழுதாக விரியாது. பல் தேய்ந்திருந்தால் ஒன்று விரிந்து மற்றது பாதியில் நிற்கும். தண்டு அதிரும், பேரிங் தேயும், தண்டு வெளியே போகும் இடத்திலுள்ள அடைப்பு கசியும். படகு நடுக்கடலில் நீர் கோத்த பிறகு காரணம் தேடிப் பயனில்லை. கரையில் இழுத்து வைக்கும் படகில் கொட்டலசுக்குப் பதில் மணல் அதே வேலையைச் செய்யும். வெண்கலக் குடத்தைக் கடல் நீர் அரிக்காமலிருக்கத் துத்தநாகத் துண்டு ஒன்று பொருத்தியிருப்பார்கள்; அது கரைந்து தீரத்தான் இருக்கிறது, தீருமுன் மாற்ற வேண்டும். கியர்பெட்டியையும் மறக்க வேண்டாம். சில வகைகளில் எஞ்சின் நின்றபின் தண்டு தானாகச் சுற்றினால் உள்ளே எண்ணெய் ஓடாது, கியர் தீய்ந்துவிடும். பாயில் ஓடும்போது கியரை எதில் நிறுத்த வேண்டும் என்று எஞ்சின் கையேட்டில் இருக்கும். கடைக்காரர் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம்.

மூன்றாவது ஆபத்து எல்லாப் புரொப்பல்லருக்கும் பொது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று, கியர் அதைப் பாதியாக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புரொப்பல்லர் வினாடிக்கு 25 தடவை சுற்றுகிறது. மூன்று இறக்கை என்றால் ஒரே இடத்தை வினாடிக்கு 75 முறை வெட்டுகிறது. வலை சிக்கியதும் ஒருவர் கத்தியோடு குதிப்பதும், மேலே இருப்பவர் பதற்றத்தில் எஞ்சினைத் தட்டிவிடுவதும்தான் விரலும் காலும் போகும் வழி. யாராவது தண்ணீரில் இருக்கும்வரை எஞ்சின் நின்றிருக்க வேண்டும். சாவி இருந்தால் அது குதிப்பவரின் அரையில் இருக்கட்டும். அவுட்போர்டில் வரும் சுருள் கயிறு ஓட்டுபவரின் மணிக்கட்டில் மாட்டுவதற்குத்தான். அலையில் அவர் விழுந்தால் அது பிடுங்கிக்கொண்டு எஞ்சினை நிறுத்தும். எஞ்சினிலேயே சுற்றி வைத்தால் அது வெறும் கயிறு. மடங்கும் வகையில் கூடுதலாக ஒன்று: மூடியிருக்கிறதே என்று கைவைத்தால், தண்டு லேசாகத் திரும்பினாலும் இறக்கை வீசி அடிக்கும், பல்லுக்கிடையில் விரல் நசுங்கும்.

இனி உரிமை. புரொப்பல்லர் ஆறு மாதத்தில் விரிசல் விட்டால், எஞ்சினுக்குப் பொருந்தாத அளவைத் தலையில் கட்டிவிட்டால், என்ன செய்வது? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இருக்கிறது. தொழிலுக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோர் அல்ல என்று விற்றவர் முதலில் சொல்வார். வணிக நோக்கத்துக்கு வாங்கியவரைச் சட்டம் விலக்குவது உண்மை. ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த மட்டுமே வாங்கியவர் அந்த விலக்கில் அடங்கமாட்டார். கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனம் விற்ற இயந்திரம் பற்றிய லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. அந்த வழக்கில் வாங்கியவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வரவில்லை. ஆனாலும் தானே ஓட்டிப் பிழைக்க டாக்சி வாங்குபவர் நுகர்வோர்தான், துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது என்று அதே தீர்ப்பு சொல்கிறது. தானே கடலுக்குப் போகும் வள்ளக்காரர் இந்த வாதத்தைத் தாராளமாக வைக்கலாம். நாலைந்து வள்ளம் வாங்கி ஆள் வைத்து ஓட்டுபவருக்கு அது எடுபடுவது கடினம்.

சாமான் கொச்சியிலோ சென்னையிலோ வாங்கியிருந்தாலும் வழக்குக்கு அங்கே அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம் என்கிறது 2019 சட்டம். நமக்குத் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. குறை தெரிந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் போக வேண்டும். உடைந்த சாமானை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. எனவே உடைந்த இறக்கையைப் பழைய இரும்புக்குப் போடவோ, பட்டறையில் வெல்டிங் வைக்கவோ செய்தால் உங்கள் சாட்சியை நீங்களே அழிக்கிறீர்கள்.

குறையுள்ள பொருளால் காயமோ படகுக்குச் சேதமோ ஏற்பட்டால், அது தனிப் பொறுப்பு. சரியான உபயோகக் குறிப்பும் எச்சரிக்கையும் தராத தயாரிப்பாளரும் அதில் மாட்டுவார். தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டாலோ, இந்தியச் சட்டத்துக்கு எட்டாத வெளிநாட்டில் இருந்தாலோ, விற்ற கடைக்காரர் பொறுப்பேற்க வேண்டும். இறக்குமதிச் சாமானுக்கு நான் என்ன செய்யட்டும் என்று அவர் கைகழுவ முடியாது. ஆனால் பில் வேண்டும். ஜி.எஸ்.டி. எண்ணும் சாமானின் தொடர் எண்ணும் போட்ட பில், உங்கள் பெயரில். துண்டுச்சீட்டும் வாய்ப்பேச்சும் ஆணையத்தின் முன் அதிக தூரம் போகாது.

இன்னொரு பக்கம், நீங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983-இன் கீழ் படகு பதிவாகியிருக்க வேண்டும். எஞ்சினை மாற்றினால் மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் சொல்லிப் பதிவில் ஏற்றுங்கள். மானிய மண்ணெண்ணெயும் வரிவிலக்கு டீசலும் பதிவான படகுக்குத்தான். 2023 ஆகஸ்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில் அரசு அறிவித்தபடி, மண்ணெண்ணெய் ஒதுக்கீடு ஆண்டுக்கு 3,400 லிட்டரிலிருந்து 3,700 லிட்டராகவும், எஞ்சின் பொருத்திய நாட்டுப்படகுக்கு டீசல் 4,000-த்திலிருந்து 4,400 லிட்டராகவும் உயர்ந்தது. புரொப்பல்லரை வேறு வகைக்கு மாற்றுமுன் எஞ்சின் கம்பெனியிடம் உத்தரவாதம் நீடிக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். படகுக்குக் காப்பீடு இருந்தால் அந்தக் கம்பெனிக்கும் எழுதித் தெரிவியுங்கள்; சொல்லாமல் செய்த மாற்றம் இழப்பீடு கேட்கும் நாளில் தலைதூக்கும்.

உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வந்தால், பிரதமர் மீன்வளத் திட்டத்தின் குழு விபத்துக் காப்பீடு இருக்கிறது. மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாய். பிரீமியத்தை அரசே கட்டுகிறது. அதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று இன்றே மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் கேளுங்கள். படகில் வரும் கூலித் தொழிலாளியின் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள். புரொப்பல்லரைச் சுத்தம் செய்யக் குதிப்பவர் பெரும்பாலும் அவர்தான். விபத்து நடந்தால் சிகிச்சைக்கு அடுத்த வேலை, கடலோரக் காவல் நிலையத்திலும் மீன்வளத் துறையிலும் தாமதமில்லாமல் தகவல் பதிவது.

நுகர்வோர் உதவிக்கு 1915. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. நடுக்கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554. மூன்றையும் போனில் பதிந்து வையுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.