காம்போவுக்குள் ஒளிந்திருக்கும் விலை

ஒரு சட்டை 1,000 ரூபாய். பேன்ட் 1,500. பெல்ட் 500. தனித்தனியாக எடுத்தால் 3,000 ரூபாய் ஆகும். மூன்றும் சேர்ந்த காம்போ 2,400 ரூபாய்தான். வாங்கி வந்தாயிற்று. வீட்டில் பிரித்துப் பார்த்தால் பெல்ட் தேவைப்படவில்லை. திருப்பிக் கொடுக்கப் போகிறீர்கள், கடைக்காரரும் எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கிறார். உங்கள் கைக்கு எவ்வளவு வர வேண்டும்?

500 ரூபாய் கேட்க முடியாது. அந்த விலை கொடுத்து நீங்கள் அதை வாங்கவில்லை. 3,000 ரூபாயில் 600 தள்ளுபடி என்றால் ஐந்தில் ஒரு பங்கு. மூன்று பொருளுக்கும் அதே விகிதத்தில் குறைத்தால் பெல்ட்டுக்கு 400 ரூபாய் வரும். நியாயமாகத்தான் தெரிகிறது.

கடைக்காரர் வேறு கணக்குப் போடலாம். மூன்றையும் சேர்த்து எடுத்ததற்காகத் தந்த தள்ளுபடி அது. பெல்ட் திரும்பி வந்தால் காம்போவே இல்லை, தள்ளுபடியும் இல்லை. சட்டைக்கும் பேன்ட்டுக்கும் சேர்த்து 2,500 ரூபாய். நீங்கள் கொடுத்ததோ 2,400. பெல்ட்டையும் கொடுத்துவிட்டு, மேற்கொண்டு 100 ரூபாயும் நீங்கள்தான் தர வேண்டும்! இந்தக் கணக்கிலும் தர்க்கப் பிழை எதுவும் இல்லை.

மூன்றாவதாக ஒரு விடையும் உண்டு. பலர் கூடி ஈட்டிய லாபத்தை அவர்களுக்குள் எப்படிப் பங்கிடுவது என்ற கேள்விக்கு 1953இல் ஒரு வழி சொன்னார் அமெரிக்கக் கணிதவியலாளர் லாயிட் ஷேப்லி. பின்னாளில், 2012இல், பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். ஒவ்வொருவரும் வந்து சேரும்போது லாபம் எவ்வளவு கூடுகிறது என்று பார்க்க வேண்டும்; அவர்கள் வந்து சேரக்கூடிய எல்லா வரிசைகளுக்கும் சராசரி எடுக்க வேண்டும். நம் மூன்று பொருள்களும் கூடைக்குள் விழ ஆறு வரிசைகள் உண்டு. எந்த வரிசையிலும் 600 ரூபாய் தள்ளுபடி பிறப்பது கடைசிப் பொருள் விழும்போதுதான். பெல்ட் கடைசியாக விழுவது இரண்டு முறை. சட்டையும் பேன்ட்டும் அப்படியே. ஆகவே தள்ளுபடியில் ஆளுக்கு 200 ரூபாய். பெல்ட்டின் விலை 300.

ஒரே பெல்ட்டுக்கு 400, 300, கழித்தல் 100 என்று மூன்று விலைகள். மூன்றுமே கணிதத்தில் சரி. ஷேப்லியின் வழி அழகானதுதான், ஆனால் கடையில் அது தடுக்கி விழும். பெல்ட்டுக்குப் பதில் 150 ரூபாய்க் கைக்குட்டை இருந்தால், அதன் பங்குத் தள்ளுபடி 200 ரூபாய் அதன் விலையையே தாண்டிவிடும். விகிதக் கணக்கில் இந்தச் சிக்கல் வரவே வராது. பெரிய பொருள் பெரிய தள்ளுபடியைச் சுமக்கும், சிறியது சிறியதை.

பெருநிறுவனங்கள் தங்கள் சொந்தக் கணக்குப் புத்தகத்தில் இந்த விகித முறையைத்தான் கையாள்கின்றன. 2018 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் 'இந்தியக் கணக்கியல் தரம் 115', ஒரே விலைக்கு விற்ற பல பொருள்களின் வருமானத்தைத் ‘தனிவிலை’ விகிதத்தில் பிரித்து எழுதச் சொல்கிறது. தனிவிலை என்பது அந்தப் பொருளை மட்டும் விற்றால் கிடைக்கும் விலை. ஒரு நிறுவனம் ஃபோனையும் ஓராண்டு சேவையையும் ஒன்றாக விற்றால், எது எவ்வளவு என்ற எண்ணை அது குறித்து வைத்தாக வேண்டும். அதைத் தணிக்கையாளருக்குக் காட்ட முடியும் என்றால் வாங்கியவருக்கும் காட்ட முடியும் என்பதே என் கருத்து.

பிரிப்பதில் பைசாவும் விளையாட்டுக் காட்டும். ஒரே விலையுள்ள மூன்று பொருள்கள் சேர்ந்து 100 ரூபாய் என்றால் ஒவ்வொன்றும் 33 ரூபாய் 33 பைசா; கூட்டினால் 99 ரூபாய் 99 பைசாதான் வருகிறது. காணாமல் போன ஒரு பைசாவை யார் தலையில் வைப்பது என்பதற்கு பில் போடும் மென்பொருளில் தனியாக ஒரு விதி எழுதியாக வேண்டும். மக்கள்தொகைக்கு ஏற்ப மாநிலங்களுக்கு நாடாளுமன்ற இடங்களைப் பிரிக்கும்போதும் இதே மிச்சம் தலைகாட்டும். 1792இல் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் தன் முதல் தடுப்பதிகாரத்தைப் பயன்படுத்தியது அப்படி இடங்களைப் பிரித்த ஒரு மசோதாவின் மீதுதான்.

சரி, 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்கிறார்களே, அந்த இலவசத்துக்கும் விலை உண்டா? உண்டு, வரித்துறையின் பார்வையில். 2019 மார்ச்சில் மத்திய மறைமுக வரி வாரியம் வெளியிட்ட 92ஆம் எண் சுற்றறிக்கை இதைத் தெளிவாக்கியது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு பொருளை இலவசமாகத் தருவது போலிருக்கும். உண்மையில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை வாங்கப்படுகிறது என்றது அது. 900 ரூபாய்ச் சட்டை இரண்டுக்குப் பணம் கட்டி மூன்று எடுத்து வந்தால், கட்டிய 1,800 ரூபாய் மூன்றிலும் பரவிக் கிடக்கிறது. ஒவ்வொன்றும் 600. ‘இலவசமாகக் கொடுத்ததற்கு ஏது ரீஃபண்ட்’ என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரிச் சட்டம் இன்னொரு வேடிக்கையும் செய்கிறது. இயல்பாக ஒன்றோடொன்று சேராத பொருள்களை ஒரே விலைக்கு ஒரே பெட்டியில் விற்றால் அது 'கலப்பு வழங்கல்'. பெட்டியில் இருப்பவற்றுள் எதற்கு வரி விகிதம் அதிகமோ, அந்த விகிதம் பெட்டி முழுவதற்கும் பொருந்தும். இதற்குச் சட்டமே தரும் எடுத்துக்காட்டு இனிப்பு, சாக்லேட், கேக், உலர்பழம், குளிர்பானம், பழச்சாறு எல்லாம் அடங்கிய பெட்டி. தீபாவளிப் பரிசுப் பெட்டி கிட்டத்தட்ட அதுதான். உள்ளே உருளும் ஒரு குளிர்பான பாட்டில் பக்கத்திலிருக்கும் முந்திரியின் வரியையும் மேலே இழுத்துவிடுகிறது.

இத்தனை சிக்கல் இருந்தும் கடைகள் ஏன் காம்போவை விடுவதில்லை? 1963இல் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் இதற்கு ஒரு சின்னக் கணக்கில் விடை சொன்னார். வாங்குபவர் இருவர், திரைப்படங்கள் இரண்டு. முதலாமவர் முதல் படத்துக்கு 8,000 டாலர் வரை தருவார், இரண்டாவதற்கு 2,500. மற்றவர் முதல் படத்துக்கு 7,000, இரண்டாவதற்கு 3,000. தனித்தனியாக இருவருக்கும் விற்க வேண்டுமானால் விலை 7,000, 2,500 என்றுதான் வைக்க முடியும். மொத்த வரவு 19,000. இரண்டையும் கட்டி 10,000 என்று விற்றால்? இருவருமே வாங்குவார்கள். வரவு 20,000. காற்றிலிருந்து வந்தது போல 1,000 டாலர் கூடுதல்!

அது வந்தது இருவரின் விருப்பமும் எதிரெதிராக இருப்பதிலிருந்து. ஒருவர் அதிகம் விரும்புவதை மற்றவர் குறைவாக விரும்புகிறார். சேர்த்துக் கட்டும்போது அந்த மேடுபள்ளம் சமமாகிறது. இதில்தான் எனக்குப் பெரிய வியப்பு. காம்போவில் நமக்கு அவ்வளவாகப் பிடிக்காத ஒரு பொருள் இருப்பது தற்செயல் இல்லை. அந்தப் பொருள் இருந்தால்தான் காம்போ வேலை செய்கிறது.

ஸ்டிக்லரை இந்தக் கணக்குக்குத் தூண்டியது 1962ஆம் ஆண்டின் ஓர் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. வாஷிங்டன் தொலைக்காட்சி நிலையம் ஒன்று 'கேசபிளாங்கா' போன்ற படங்களைக் கேட்டபோது, 'கொரில்லா மேன்' போன்றவற்றையும் சேர்த்தே வாங்க வேண்டியிருந்தது. நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்றது.

வேண்டாததைத் திருப்பித் தரும் உரிமைக்காக நீண்ட போராட்டம் ஒன்று கணினி உலகில் நடந்தது. மடிக்கணினி வாங்கினால் விண்டோஸ் உள்ளேயே இருக்கும். முதன்முறை திறக்கும்போது வரும் உரிம ஒப்பந்தத்தில், இதை ஏற்காவிட்டால் பணத்தைத் திரும்பப் பெறத் தயாரிப்பாளரை அணுகலாம் என்று அன்று ஒரு வரி இருந்தது. யாரும் படிக்காத அந்த வரியை, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்தியவர்கள் படித்தார்கள். 1999 பிப்ரவரி 15 அன்று கலிஃபோர்னியாவின் ஃபாஸ்டர் சிட்டியில் இருந்த மைக்ரோசாஃப்ட் அலுவலகத்துக்குத் திரண்டு போய்ப் பணத்தைக் கேட்டார்கள். கணினி தயாரித்த நிறுவனத்திடம் போய்க் கேளுங்கள் என்ற பதில்தான் கிடைத்தது.

இத்தாலியில் விடை வேறாக வந்தது. ஒருவர் 2005இல் வாங்கிய கணினி தொடர்பான வழக்கில், 2014இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் எச்.பி. நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கணினியையும் மென்பொருளையும் பிரிக்கத் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை, மென்பொருளை மட்டும் மறுப்பவருக்கு அதன் விலையைத் தர வேண்டும் என்றது. ஆனால் 2016இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் எதிர்த்திசையில் ஓர் அடி வைத்தது. பிரான்ஸில் 2008இல் சோனி மடிக்கணினி வாங்கிய ஒருவர் மென்பொருளுக்குரிய பணத்தை மட்டும் கேட்டார். நிறுவனமோ கணினியையே திருப்பித் தந்து முழுப் பணத்தையும் வாங்கிக்கொள் என்றது. மென்பொருளோடு சேர்த்து விற்பது மட்டுமே முறைகேடு ஆகாது, உள்ளிருக்கும் ஒவ்வொன்றின் விலையையும் தனியாகக் காட்டாததும் தவறில்லை என்று நீதிமன்றம் சொன்னது. எனக்கு ஏமாற்றம் தந்த தீர்ப்பு இது. எண்ணே தெரியாதவர் எதைக் கேட்பார்?

அந்த எண் எவ்வளவு சிறியதாக இருக்கலாம் என்பதை 2020இல் இத்தாலியின் மொன்சா நீதிமன்றம் காட்டியது. விண்டோஸுக்கு உரிய 42 யூரோவைத் தர லெனோவோ மறுத்து வழக்காடியது. நடந்துகொண்ட விதத்துக்காக நிறுவனம் 20,000 யூரோ இழப்பீடு தர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. கேட்ட தொகையைப் போலச் சுமார் 476 மடங்கு!

இந்தியச் சட்டம் ஒரு கோட்டை அழுத்தமாகப் போடுகிறது. 'பிடிக்கவில்லை' என்பது வேறு, 'பழுது' என்பது வேறு. பிடிக்காத பொருளைக் கடையில் திருப்பித் தரப் பொதுவான உரிமை இங்கே இல்லை. கடை அறிவித்த ரிட்டர்ன் விதிதான் உங்கள் பிடிமானம். ஐரோப்பாவில் இணையத்தில் வாங்கியதற்குக் காரணமே சொல்லாமல் 14 நாள் அவகாசம் உண்டு. ஓர் ஆர்டர் பல பொட்டலங்களாக வந்தால், கடைசிப் பொட்டலம் கைக்கு வந்த நாளிலிருந்துதான் அந்த நாள்களை எண்ணுவார்கள்.

பழுது என்றால் நம் சட்டமும் வலுவானது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். ஒன்றை வாங்கினால்தான் இன்னொன்றைத் தருவேன் என்று நிபந்தனை போடுவதையும் அதே சட்டம் கட்டுப்பாட்டு வணிக முறை என்று வகைப்படுத்துகிறது. இணையக் கடைகளுக்காக 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்கள் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிடுகின்றன. பணம் கட்டும் நேரத்தில் உங்களைக் கேட்காமலே கூடையில் இன்னொரு பொருளையோ நன்கொடையையோ நுழைத்துவிடுவது அவற்றில் ஒன்று.

இன்னும் நுட்பமான தந்திரம், தனிவிலையையே வீங்க வைப்பது. தனியாக வாங்கினால் கட்டுப்படியாகாத விலை, சேர்த்து வாங்கினால் அடிமாட்டு விலை. அப்போது ‘தேர்வு உங்களுடையது’ என்பதற்கு அர்த்தமில்லை. டி.வி. சேனல்களில் இது நடக்கும் என்று அஞ்சிய தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், சேனல் தொகுப்புக்கான தள்ளுபடி 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2017இல் வரம்பு வைத்தது. 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் மற்ற விதிகளை ஏற்று, அந்த வரம்பை மட்டும் நீக்கியது. 2022இல் டிராய் 45 சதவீதம் என்று புதிய வரம்பு வைத்தது. அதிகமாகத் தள்ளுபடி கொடுப்பதைத் தடுக்கவே இத்தனை ஆண்டுப் போராட்டம்.

காம்போ வாங்கும்போது பில்லைக் கையில் வாங்கியதும் ஒவ்வொரு பொருளின் விலையும் தனியாக எழுதப்பட்டிருக்கிறதா, தள்ளுபடி எதில் கழிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 2,400 என்று ஒற்றை எண் மட்டும் இருந்தால், பிரித்துப் போட்டுத் தரும்படி அங்கேயே கேட்கலாம். திருப்பித் தரும்போது பில்லில் அந்தப் பொருளுக்கு எதிரே உள்ள தொகையோடு அதற்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யையும் சேர்த்துக் கேளுங்கள். கடைக்காரர் ‘கிரெடிட் நோட்’ போட்டுத் தன் வரிக் கணக்கில் அதைக் குறைத்துக்கொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறது. பழுதான பொருளுக்கும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே வழக்குத் தொடரக் கட்டணம் கிடையாது.