சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பு: சுற்றுலாத் தலமாகத் தகுதி உண்டா?

சுங்கை பூலோ என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பூச்செடி நர்சரிகள்தான். தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்கள் பிழைப்புக்காகத் தொடங்கிய தொழில் அது. 1930-இல் திறக்கப்பட்ட அவர்களின் குடியிருப்பு, ‘நம்பிக்கைப் பள்ளத்தாக்கு’ என்றும் அழைக்கப்படுகிறது. 2019-இல் அது யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது.

ஓரிடம் சுற்றுலாவுக்கு ஏற்றதா என்பதை எப்படி முடிவு செய்வது?

சிறப்பு: நோயாளிகளைக் கட்டாயமாகப் பிரித்து வைத்த காலத்தில், இங்குத் தோட்ட நகர் முறையில் சிறு வீடுகள், பள்ளி, வழிபாட்டுத் தலங்களுடன் ஓர் ஊரே எழுப்பப்பட்டது.

எஞ்சியது: 2007-இல் பல்கலைக்கழக மருத்துவ வளாகத்திற்காகக் கிழக்குப் பகுதி வீடுகள் இடிக்கப்பட்டன. உலகப் பாரம்பரியத் தகுதிக்கு முழுமையும் அசல் தன்மையும் தேவை. எனவே, மிஞ்சிய வீடுகளைப் பழுதுபார்த்துக் காப்பதே முதல் வேலை.

வசதி: கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து வந்துபோவது எளிது. ஆனால், குறுகிய சாலைகள் எத்தனை பேருந்துகளைத் தாங்கும் என்பதைக் கணக்கிட வேண்டும்.

மக்கள்: இதுவே முக்கியம். பெற்ற குழந்தையைப் பிறந்தவுடனே பிரிய நேர்ந்த பெற்றோர் வாழ்ந்த இடம் இது. முதியவர்கள் சிலர் இன்றும் இங்கே வசிக்கின்றனர். அவர்களின் வீட்டு வாசலில் அனுமதியின்றிப் படம் எடுப்பது சுற்றுலா ஆகாது.

குடியிருப்பாளர்களின் சம்மதம், அவர்களுக்கும் நர்சரிகளுக்கும் சேரும் வருமானம், ஒரு நாளுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு ஆகிய மூன்றும் உறுதியானால் இவ்விடம் தகுதியானதே. இல்லையேல், ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் இம்முறை காட்சிப்பொருளாவார்கள்.